பதின்மூன்று பெயர்கள்

அன்று பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் இருந்தவர்கள் இவர்கள்: மேசைக்குப் பின்னால் ஊர்த்தலைவர் ஜோல்தோஷ், அவருக்குப் பக்கத்தில், கை தூக்குபவர்களை எண்ணுவதற்காக ஆசிரியை சாய்ரா, முன்வரிசையில் எண்பத்திரண்டு வயது இசாபெக், அவரை ஒட்டி அவருடைய தம்பி அசனாலி, அடுப்புக்கு அருகே, வாய்க்கால் தண்ணீரை வீட்டுவாரியாக முறைவைத்துப் பங்கிடும் நீர்க்கட்டி வேலைக்குத் தன் பெயரைக் கொடுத்திருந்த குபாத், கடைசி பெஞ்சில் கடைமடைக்காரி கலிச்சா, மற்ற வீடுகளுக்கு வீட்டுக்கு ஒருவர். மொத்தம் நாற்பத்தொரு வீடு. நின்றுகொண்டிருந்தவள் ஒருத்திதான், அசனாலியின் மருமகள் புருல். இவர்களைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை. கடைக்காரன் தானும் கண்ணால் பார்த்ததாகச் சொல்லி வருகிறான். அவன் அன்று தொலைந்துபோன குதிரையைத் தேடி மலையில் இருந்தான்.

மார்ச் மாதத்துக் கடைசிப் புதன்கிழமை. அடுப்பு சரியாகப் பிடிக்காமல் அறை முழுவதும் புகை மூட்டம். புருல் கையில் நான்காக மடித்த தாள் இருந்தது. மடிப்பு விழுந்த இடங்களில் வியர்வை பட்டு எழுத்து லேசாகக் கரைந்திருந்தது. தலைக்குட்டையை நெற்றிவரை இழுத்துவிட்டாள். ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் இழுத்துவிட்டாள்.

அந்த ஊரில் தண்ணீர் முறையைத் தாளில் எழுதி ஒட்டினால் செல்லாது. எட்டு வருஷத்துக்கு முன்பு அப்படி ஒட்டியதை யாரோ கிழித்துவிட்டு, வேறு கையெழுத்தில் வேறு தாளை ஒட்டி, அதனால் மண்வெட்டிகள் மோதி, ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு பெரியவர்கள் கூடி ஒரு விதி செய்தார்கள். நீர்க்கட்டி எவரோ அவரே தன் வாயால் படிக்க வேண்டும். வீட்டுக்காரரின் சொந்தப் பெயர், கிழமை, நேரம். பெயர் சொல்லப்பட்டவர் ‘கேட்டேன்’ என்று பதில் சொல்ல வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் அந்த வீட்டுக்கு அடுத்த வாசிப்பு வரை தண்ணீர் கிடையாது. அடுத்த வாசிப்பு ஜூன் நடுவில். அதற்குள் மாட்டுத் தீவனமான குதிரைமசாலின் முதல் அறுப்பே முடிந்துவிடும்.

மருமகளாக வந்தவள் மாமனார் பெயரையும், அவருடைய அண்ணன் தம்பிகள் பெயரையும், கணவனுக்கு மூத்த பங்காளிகள் எவருடைய பெயரையும் வாயால் சொல்லக் கூடாது. இதுவும் விதிதான், முந்தையதைவிடப் பழையது. கையால் எழுதலாம், வாயால் கூடாது. புருல் கையிலிருந்த தாளில் நாற்பத்தொரு பெயர்கள். அவற்றில் பதின்மூன்று அவள் சொல்லக் கூடாதவை.

அவளை இந்த வேலைக்கு நிறுத்தியவர்களுக்கே இது தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

அசனாலி இருபத்திரண்டு வருஷம் அந்த வாய்க்காலுக்கு நீர்க்கட்டியாக இருந்தவர். அவருக்கு மூட்டு தேய்ந்தபின் மகன் மெதெர் பார்த்தான். அந்த வீட்டில் முறைக்கு மேல் ஒரு வாளித் தண்ணீர் எடுத்தவர் கிடையாது. ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். மெதெர் டாக்சி ஓட்ட ருஷ்யாவுக்குப் போய் இரண்டு கோடை ஆகிவிட்டது. பெயர் அவனுடையதாக இருந்தது, மண்வெட்டி புருலுடையது. மலையடிவாரத்துத் தலைமதகிலிருந்து ஏரிக்கரைத் தெருவரை மூன்று கிலோமீட்டர் வாய்க்காலை அவள் நடந்தே படித்திருந்தாள். எந்த வளைவில் எலி வளை வைத்துக் கரையைத் தின்கிறது, எந்தப் பாலத்தடியில் சருகு அடைக்கிறது, வெயில் ஏறியபின் பனி உருகி எத்தனை மணிக்குத் தண்ணீர் ஒரு சாண் உயரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு குச்சியில் கோடு கீறி வைத்திருந்தாள். தலைமதகைத் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர ஏப்ரலில் நாற்பது நிமிடம். வாய்க்காலைச் சுத்தமாக வாரிவிட்டால் அதில் இரண்டு குறையும். முறை வந்த வீட்டு வேலியில் மண்வெட்டிப் பிடியால் இரண்டு தட்டு தட்டி, “தண்ணி வருது” என்பாள். யார் பெயரையும் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. இந்த இரண்டு வருஷமும் மெதெர் ஊருக்கு வந்து வாசித்துவிட்டு மறுநாளே கிளம்பிவிட்டான்.

இந்த வருஷம் அவனால் வர முடியவில்லை. தலைவர் ஜோல்தோஷ் வீட்டுக்கே வந்துவிட்டார். புருல் தேநீர் ஊற்றினாள். அவர் அவளைப் பார்க்காமல் அசனாலியிடம் பேசினார்.

“பெரியவரே, மெதெர் பேர இன்னும் எத்தனை வருஷத்துக்கு ஓட்டுறது? குபாத் பேர் கொடுத்திருக்கான். உங்களுக்கு முன்னாடி அவன் சித்தப்பன் நீர்க்கட்டியா இருந்த காலத்துல கடைமடை எப்படிக் காஞ்சுதுன்னு நீங்களே பார்த்தீங்க. வேலைய எப்படியும் உங்க மருமகதான் பாக்குறா. அவ பேரையே போட்டுடலாம்னு கீழ்த்தெருக்காரங்க கேக்குறாங்க.”

புருல் அவருடைய கிண்ணத்தை நிரப்பக் கை நீட்டியபோது அவர் கிண்ணத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். போதும் என்று அர்த்தம். தேநீர் போதுமா, பேச்சு போதுமா என்று தெரியவில்லை. ஜோல்தோஷ் கிளம்பும்போது வாசலில், “நீயே சொல்லிடு தங்கச்சி, போடவா வேண்டாமா?” என்று கேட்டார். “போடுங்க” என்று அவள் சொன்னது அவளுக்கே பிறகுதான் காதில் விழுந்தது.

அன்று மாலை மெதெரிடம் போனில் சொன்னாள். அவன் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

“அந்தப் பட்டியல்ல அப்பா பேர் இருக்கே, புருல்.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போனைக் காதில் வைத்தபடியே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பதினாறு வருஷத்துக்கு முன்பு நடந்தது அது. அவள் வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். புதிதாக வந்த தபால்காரி சைக்கிளை நிறுத்தி, “இது யார் வீடு?” என்று கேட்டாள். பிறந்த வீட்டுப் பழக்கத்தில், கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல, பெயரைச் சொல்லிவிட்டாள். மாமனார் பெயரை, தெருவுக்கே கேட்கும்படி. உள்ளே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த மாமியார் மாவுக்கையோடு ஓடிவந்தாள். எதிர்வீட்டில் பால் கறந்துகொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு வருஷம் ஓயவில்லை, எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், “யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?” என்று யாராவது கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்ப்பார்கள். அசனாலி திட்டவில்லை. குரல்கூட உயர்த்தவில்லை. பதினோரு நாள் அவள் கையால் தேநீர் வாங்கிக் குடிக்கவில்லை, அவ்வளவுதான். பன்னிரண்டாம் நாள் காலை கிண்ணத்தை நீட்டினார். ஆனால் அந்தப் பதினோரு நாளில் அவள் தொண்டைக்குள் ஏதோ பூட்டிக்கொண்டது. அதன்பிறகு நாலு பேர் கூடிய இடத்தில் அவளுக்குப் பேச்சு வராது. பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை கேள்வி கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். விருந்தில் எல்லோரும் வரிசையாக எழுந்து வாழ்த்துச் சொல்லும்போது, தன் முறை நெருங்கும் சமயம் பார்த்து, சமோவாருக்குக் கரி போட எழுந்துவிடுவாள்.

இனி எழுந்து போக முடியாது. மூன்று வாரம் இருந்தது.

பதின்மூன்று பேருக்கும் அவள் தானாக வைத்த பெயர்கள் இருந்தன. இசாபெக் என்பவர் ‘சாம்பல் குதிரைக்காரர்’. இன்னொருவர் ‘பட்டாளத்து மாமா’, இன்னொருவர் ‘நீலக் கதவு ஐயா’. இதெல்லாம் ஊருக்கே தெரியும். மருமகள்கள் அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் விதி சொந்தப் பெயரைக் கேட்கிறது. பசுத் தொழுவத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். முதல் எழுத்து வந்தது. அதற்குமேல் வாய் நின்றுவிட்டது. பசு திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அசைபோட்டது. தலைமதகில், பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காத இரைச்சலில் நின்று முயன்றாள். அங்கும் வரவில்லை. வாய் திறந்திருந்தது, மூச்சு போய்வந்தது, பெயர் மட்டும் இல்லை. கைகள் ஜில்லிட்டுப் போய், கரையில் உட்கார்ந்து அக்குளில் செருகிக்கொண்டாள்.

சாய்ரா அவளோடு ஒரே வயது. அந்த ஊரிலேயே பிறந்து அந்த ஊரிலேயே வாத்தியாரானவள்.

“இதுக்கா முகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்க? நான் படிச்சுடறேன். நான் இந்த ஊர்ப் பொண்ணு. எந்தக் கிழவன் பேரையும் சொல்லுவேன். கேட்டா கூடவே நாலு வார்த்தை திட்டியும் வைப்பேன்.”

ஜோல்தோஷ் ஒப்புக்கொள்ளவில்லை. “நீர்க்கட்டி வாயால படிக்கணும்னுதானே விதி. நாளைக்கு எவனாவது, படிச்சவ வேற, மதகு திறக்கறவ வேறன்னு கோர்ட்டுக்குப் போனா நான் என்ன செய்யறது?” என்றார்.

கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்பு புருல் தலைமதகில் குளிர்காலச் சருகை வாரிக்கொண்டிருந்தாள். குபாத் குதிரையில் வந்தான். மெதெரைவிட இளையவன், அதனால் அவளை மதினி என்றுதான் கூப்பிடுவான்; மதினியைக் கேலி செய்ய அவனுக்கு உரிமையும் உண்டு. அதை அவன் முழுக்கப் பயன்படுத்திக்கொள்பவன்.

“மதினி, தண்ணிக்குத் தனியா பாடம் எடுக்கிறீங்களாமே. கடுதாசியில எழுதித் தந்தா நாங்களும் படிச்சுக்குவோம்.”

அவள் வாரிக்கொண்டே இருந்தாள்.

“கோவிச்சுக்காதீங்க. என் பட்டியல நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க. பேர்தான் சொல்ல மாட்டீங்க, தப்பிருந்தா தப்பையாவது சொல்லுங்க.” சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துக் குதிரைமேல் இருந்தபடியே நீட்டினான்.

ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். எழுத்து அழகாக இருந்தது. மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினாள். தலைமடை வீடுகளுக்கு இரண்டரை மணி, மூன்று மணி. கடைசி வரியில்: கலிச்சா, சனிக்கிழமை, காலை ஆறு முதல் ஏழு பத்து வரை. ஆறு என்பது தலைமதகு திறக்கும் நேரம். தண்ணீர் கலிச்சாவின் வேலிக்கு வரும்போதே ஆறு நாற்பது. அரைமணி நேரத்தில் அந்த நிலத்தில் பாதிகூட நனையாது. அதோடு, ஏழு பத்துக்குத் தலைமதகை அடைத்தாலும் வாய்க்காலில் கிடக்கிற தண்ணீர் இன்னும் நாற்பது நிமிடம் ஓடும். அது யாருக்கும் எழுதப்படாமல் ஏரிக்குப் போகும். ஒவ்வொரு சனிக்கிழமையும் போகும். இரண்டாம் முறை படித்தாள். தவறு அங்கேயே இருந்தது.

“தண்ணி நடந்துதான் வரும், குபாத். லைட்டு இல்ல, பொத்தான அமுக்கின உடனே எரியறதுக்கு.”

“அப்ப அதை வேகமா நடக்கச் சொல்லுங்க” என்று சிரித்துவிட்டு அவன் குதிரையைத் திருப்பினான்.

பயம் குறைந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் அந்தத் தாள் கண்ணுக்குள்ளேயே நின்றது. மாவு பிசையும்போது, பால் காய்ச்சும்போது, அந்தக் கடைசி வரி வந்து வந்து குத்தியது. குபாத் கெட்டவன் என்பதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அவனுக்குத் தெரியவில்லை. தெரியாதவன் கையில் பட்டியல் அழகான எழுத்தில் இருக்கிறது. தெரிந்தவள் தொழுவத்துக் கதவைச் சாத்திக்கொண்டு மாட்டின் முன்னால் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள். அந்த நினைப்பு வந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது. பதினாறு வருஷத்துக்கு முந்தைய வெட்கம் அல்ல, வேறு வெட்கம்.

கலிச்சா பால் தயிராக்க உறை வாங்க வந்தவள் வாசலிலேயே நின்றாள். புருஷன் போனபின் ஒற்றைப் பசுவை வைத்து நாளைத் தள்ளுகிறவள். “போன வருஷம் மூணு அறுப்பு அறுத்தேன்டி. என் ஆயுசுல முதல் தடவை” என்றாள். “நீ பேரைச் சொல்லு சொல்லாமப் போ, நான் உன்ன எதுவும் கேக்க மாட்டேன்.” கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு உறையை வாங்கிக்கொண்டும் கொஞ்ச நேரம் நின்றிருந்தாள்.

அசனாலி இந்த மூன்று வாரத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கம்போல் விடிந்ததும் எழுந்தார், வெள்ளைக் கம்பளித் தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டார், குதிரைமசால் நிலத்தைச் சுற்றி வந்தார், அவள் கொடுத்த தேநீரைக் குடித்தார். கூட்டத்துக்கு அவளுக்கு முன்பே தனியாக நடந்து போய்விட்டார்.

பெயர் கொடுத்தவர்கள் இரண்டு பேர் என்பதால், இருவரும் தங்கள் பட்டியலைப் படித்தபின் ஊர் கை தூக்கி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். முதலில் குபாத் படித்தான். கணீரென்ற குரல். ஒவ்வொரு பெயருக்கும் ‘கேட்டேன்’, ‘கேட்டேன்’ என்று மாவு இயந்திரம்போலப் பதில் வந்தது. கலிச்சாவின் பெயருக்கு மட்டும் பதில் வரக் கொஞ்சம் தாமதமானது.

பிறகு ஜோல்தோஷ் புருலைப் பார்த்துத் தலையசைத்தார்.

முதல் ஒன்பது பெயர்கள் பங்காளி அல்லாதவர்கள். குரல் மெலிந்திருந்தது, பின்பெஞ்சிலிருந்து யாரோ, “கொஞ்சம் சத்தமா, மதினி” என்றார்கள். சத்தமாகச் சொன்னாள். பத்தாவது இசாபெக். தாளில் அந்தப் பெயர் தெளிவாகத்தான் இருந்தது.

“சாம்பல் குதிரைக்காரர் வீடு. செவ்வாய்க்கிழமை, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு.”

அறை சிரித்தது. கேலியாக இல்லை, நம் வீட்டுப் பிள்ளை என்கிற சிரிப்பு. காது மந்தமான இசாபெக் மறுபக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

“என்ன சொல்றா?”

“சாம்பல் குதிரைன்னு சொல்றா.”

“அது செத்து ஒரு வருஷமாச்சே.”

சிரிப்பு பெரிதானது. அது அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் குபாத் எழுந்தான். இப்போது அவன் கேலியாகப் பேசவில்லை.

“தலைவரே, என்கிட்ட ஒரு சாம்பல் குதிரை இருக்கு, உயிரோட. செவ்வாய்க்கிழமை தண்ணி அப்ப எனக்கா, பெரியவருக்கா? நாளைக்கு இன்னொருத்தன் கதவுக்கு நீலம் அடிச்சா அவனுக்கும் ஒரு முறையா? தோள் எலும்பு உடைஞ்சது இதுக்குத்தானே.”

யாரும் சிரிக்கவில்லை. அவன் சொன்னது சரி என்பது எல்லோருக்கும் தெரிந்தது. புருலுக்கும் தெரிந்தது. ஜோல்தோஷ் பேனாவை உருட்டிக்கொண்டே அசனாலியைப் பார்த்தார். ஒவ்வொருவராக எல்லோரும் அசனாலியைப் பார்த்தார்கள். அவர் கைத்தடிமேல் இரண்டு கைகளையும் வைத்து நேராக உட்கார்ந்திருந்தார். எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையைப் பார்த்தார். அதில் பாதி அழித்த ஒரு கணக்கு இருந்தது.

புருலின் காதுக்குள் அடைத்துக்கொண்டது. அடுப்பில் கரி வெடிக்கும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. இந்த இடத்தில் தாளை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள், மருமகள் மரியாதையைக் காப்பாற்றினாள் என்று மெச்சக்கூடச் செய்வார்கள். குபாத்தின் தாள் நிற்கும். சனிக்கிழமை, ஆறு முதல் ஏழு பத்து வரை. நாற்பது நிமிடத் தண்ணீர் ஏரிக்கு. அவள் தாளைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டாள், ஒரு முகமும் தெரியாதபடி.

“இசாபெக்” என்றாள்.

நினைத்ததைவிடப் பெரிய சத்தமாக வந்தது. கிழவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“யாரு கூப்பிட்டது?”

“உங்க தம்பி மருமக” என்றார் மறுபக்கத்தில் இருந்தவர்.

இசாபெக் கொஞ்ச நேரம் தாடையை அசைத்தபடி இருந்தார்.

“நல்லா சத்தமாத்தான் கூப்பிடுறா” என்றார். “கேட்டேன்.”

அதன்பின் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதல் பெயரைச் சொன்னதால் இரண்டாவது எளிதாகிவிடவில்லை. பட்டாளத்துக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ‘கேட்டேன்’ என்றார். நீலக் கதவுக்காரர் முனகினார். ஒருவர் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு, யாருக்கோ சாட்சி சொல்வதுபோலச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டும் முடிந்தன. வாய்க்கால் வரிசையில் இருபத்தாறாவது வீடு வந்தது.

“அசனாலி. வியாழக்கிழமை, காலை ஆறே காலிலிருந்து எட்டு.”

பதில் இல்லை.

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். கரும்பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அசனாலி. வியாழக்கிழமை, காலை ஆறே காலிலிருந்து எட்டு.”

கடைசி பெஞ்சில் கலிச்சா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பசு, ஒரு கன்று, முதல் அறுப்பு. இதெல்லாம் ஒரு நொடியில் புருலின் தலைக்குள் ஓடியது. மூன்றாவது தடவை சொல்லாமல் விட்டால் முறை இன்னும் அந்தரத்தில் நிற்கும். தலைவர் ஏதாவது சமாதானம் பேசி ஒப்பேற்றிவிடுவார். பிறகு அந்தப் பட்டியலை எவன் மதிப்பான்?

“அசனாலி” என்றாள், மூன்றாவது தடவை. கிழமையையும் நேரத்தையும் சொன்னாள்.

அடுப்பில் இருந்த கரி சரிந்தது.

“பெரியவரே, ஒரு வார்த்தை…” என்று ஜோல்தோஷ் ஆரம்பித்தார்.

“மூணு தடவை ஆச்சு, தலைவரே” என்றார் அசனாலி. “விதிப்படி அடுத்த வீடு.”

குபாத் பாதி எழுந்துவிட்டான். “பதிலே வரலியே. அப்ப பட்டியலே செல்லாது.”

அசனாலி அப்போதுதான் கழுத்தைத் திருப்பினார். “செல்லாமப் போனது என் வீட்டு முறை. பட்டியல் இல்ல. உக்காரு.”

குபாத் உட்கார்ந்தான். சாய்ரா தன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் புருலிடம் நீட்டினாள். புருல் இருபத்தாறாவது வரியின்மேல் ஒரு கோடு இழுத்தாள். கோடு கோணலாகத்தான் வந்தது. பிறகு இருபத்தேழைப் படித்தாள். கலிச்சாவின் முறை வந்தபோது, சனிக்கிழமை ஆறு நாற்பதிலிருந்து எட்டரை என்று படித்து முடிப்பதற்குள் ‘கேட்டேன்’ வந்துவிட்டது.

புருலுக்கு இருபத்திரண்டு கை. குபாத்துக்குப் பதினெட்டு. அசனாலி இரண்டுக்கும் கை தூக்கவில்லை.

அன்று மாலை அவள் தேநீர் ஊற்றி வைத்தாள். அவர் எழுந்து போய் வேறு கிண்ணம் எடுத்து, சமோவாரிலிருந்து தானே பிடித்துக்கொண்டார். மறுநாளும் அப்படியே. பேச்சு நின்றுவிடவில்லை, பசு கன்று போடும் நாள் பற்றி, கூரைத் தகரம் பற்றி எப்போதும்போல இரண்டு வார்த்தை பேசினார். தேநீர் மட்டும் தானே பிடித்துக்கொண்டார். அவள் ஊற்றி வைத்த கிண்ணம் தினமும் ஆறிப்போய் ஏடு கட்டும். அதை அவளே குடித்தாள். முன்பு பதினோரு நாள். இந்த முறை பன்னிரண்டாம் நாள் காலையில் ஊற்றிவிட்டு எதிரே நின்றாள். அவர் வேறு கிண்ணம் எடுத்தார். அதற்குப்பின் எண்ண வேண்டாம் என்று நினைத்தாள். எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

முதல் சுற்றின் வியாழக்கிழமை வந்தபோது இருபத்திரண்டாவது நாள். அடிபட்ட தங்கள் முறைத் தண்ணீர் கீழே அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். விடியற்காலையிலேயே தலைமதகைத் திறந்துவிட்டு, தண்ணீரோடு கூடவே கரையில் நடந்து வந்தாள். சருகும் நுரையும் முன்னால் வர, பின்னால் பழுப்புத் தண்ணீர் கல்லைத் தடவிக்கொண்டு வந்தது. தங்கள் நிலத்தை நெருங்கியபோது ஆறே கால். அசனாலி அங்கே நின்றுகொண்டிருந்தார். தொப்பி தலையில், சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார், கையில் அவருடைய பழைய மண்வெட்டி. அவர்கள் மதகின் பலகை இறக்கியிருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய குதிரைமசால் வெளிறிப்போய்த் தரையோடு கிடந்தது. மண்ணில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

தண்ணீர் வந்து பலகையில் மோதி, ஒரு சுற்று சுற்றி, கீழ்நோக்கிப் போனது. பலகையின் அடிமூலையில் ஒரு இடத்தில் கசிந்தது. நிலத்துப் பக்கம் உள்ளங்கை அளவுக்கு மண் கறுத்தது. புருல் பார்த்தாள். அவரும் பார்த்தார். அவர் மெல்ல, ஒரு முழங்காலை ஊன்றி, வலி முகத்தில் தெரியாதபடி குனிந்தார். கரையிலிருந்து புல்லோடு ஒரு கட்டி மண்ணை வெட்டியெடுத்து அந்த மூலையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். இன்னொரு கட்டி வைத்தார். கசிவு நின்றது. எழுந்திருக்க நேரமாயிற்று. அவள் கை கொடுக்க முன்னால் வந்தாள். பிறகு மண்வெட்டியையே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

அவர் கையை வாய்க்காலில் அலம்பினார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“கீழ போய்ச் சேர எவ்வளவு நேரம்?”

“முப்பத்தெட்டு நிமிஷம், மாமா. மேலேர்ந்து.”

“என் காலத்துல நாப்பது.”

“பாலத்தடிய வாரினேன்.”

அவர் கைத்தடிபோல மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, எட்டு மணிவரை, தன்னுடைய மூடிய மதகின் பக்கத்திலேயே நிமிர்ந்து நின்றார். வாய்க்காலில் தண்ணீர் அவர் காலடியைத் தாண்டிக் கீழ்த்தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. புருல் அதன்கூடவே கீழே நடந்தாள். பாலத்தருகே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். வெள்ளைத் தொப்பி அங்கேயே தெரிந்தது.

அந்த வியாழக்கிழமை பலகை ஒரு விரற்கடை தூக்கியிருந்தது என்றும், மாமனாரும் மருமகளும் பேசிவைத்துக்கொண்டு தண்ணீர் விட்டார்கள் என்றும் மேல்தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. தூக்கியிருக்கவில்லை. பலகை அடிவரை இறங்கியிருந்தது, அந்த நிலம் ஜூன் பாதிவரை காய்ந்தே கிடந்தது.